ரெயின்போ டிராகனுக்காக கார்டுல 22,000 கடன், இன்னும் 5,000 போடலாமா?

கேள்வி: சார் வணக்கம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், கைக்கு 38,000 வருது. நானும் என் பொண்ணும் (9 வயசு) டிராகன்வேல் (டிராகன் வளக்குற மொபைல் கேம்) விளையாடுறோம். அவளுக்கு ரெயின்போ டிராகன் மேல அவ்ளோ ஆசை, மாசக்கணக்கா ப்ரீட் பண்றோம் (ரெண்டு டிராகன ஜோடி சேர்த்து புது டிராகன் எடுக்கறது), வரவே மாட்டேங்குது. வெயிட் பண்ண முடியாம ஜெம் பேக் (நேரத்த குறைக்க உதவற கேம் காசு) வாங்கி வாங்கி மாசம் 2,500 வரைக்கும் போகுது, எல்லாம் கிரெடிட் கார்டு. கார்டுல இப்ப 22,000 பாக்கி நிக்குது, மாசம் 1,200 தான் கட்ட முடியுது. வீட்ல மனைவிக்கு தெரியாது. இவ்ளோ போட்டாச்சு, இப்ப விட்டா எல்லாமே வேஸ்ட் தானே? இன்னொரு 5,000 போட்டா வந்துடும்னு தோணுது. ஃப்ரெண்ட் ஒருத்தன் வேற, அக்கவுண்ட நல்லா வளத்து வித்தா காசு, அதுவும் முதலீடு மாதிரி தான்ங்கறான். என்ன பண்ணட்டும் சார்?

பதில்: அந்த 5,000த்த போடாதீங்க. ஏன்னு விவரமா சொல்றேன், ஏன்னா காரணம் புரியலன்னா அடுத்த வாரமே கை மறுபடி ஜெம் கடைக்கு தான் போகும்.

முதல்ல, நீங்க ஜெம் போட்டு எத வாங்குறீங்கன்னு பாருங்க. ரெயின்போவுக்கு ரெண்டு டிராகனும் சேர்ந்து நாலு வேற வேற எலிமென்ட் (டிராகனோட வகை) இருந்தா போதும், உதாரணத்துக்கு பாய்சன்ல பிளான்ட்டும் ஃபயரும் இருக்கு, ஸ்டார்ம்ல லைட்னிங்கும் கோல்டும் (Cold, குளிர்) இருக்கு, இத ஜோடி சேர்த்தாலே சான்ஸ் உண்டு. விழுமா விழாதாங்கறது ஜோடி சேர்த்த அந்த நொடியே முடிவாகி டைமர்லயே தெரிஞ்சுடுது, ஜோடி சேர்க்கற சாதா கேவ்ல 60 மணி நேரம், அதவிட வேகமான எபிக் ப்ரீடிங் ஐலேண்டுல 48 மணி நேரம்னு நீளமா காட்டுனா அபூர்வமான ஒண்ணு உள்ள இருக்குனு அர்த்தம், சின்ன டைம் காட்டுனா வழக்கமான டிராகன் தான். இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அப்ப அந்த டைமர முடிக்க ஜெம் போடும்போது சான்ஸ் ஒரு துளி கூட ஏறல, காத்திருக்கற நேரத்த மட்டும் தான் காசு குடுத்து குறைக்கறீங்க. விளையாடுற நிறைய பேர் இந்த இடத்துல தான் குழம்பிடறாங்க, காசு போட்டா டிராகன் பக்கத்துல வருதுன்னு நெனச்சுக்கறாங்க. டிராகனுக்கும் உங்க கார்டுக்கும் நடுவுல அப்படி ஒரு தொடர்பே கிடையாது.

"இன்னும் கொஞ்சம் போட்டா வந்துடும்"ங்கற நெனப்புக்கு வருவோம். விளையாடுறவங்க பொதுவா பேசிக்கறது நூத்துக்கு ஒண்ணுங்கற அளவு, கணக்குக்கு அதயே வெச்சுக்குவோம். நூறு தடவ பண்ணா கண்டிப்பா ஒண்ணு வந்துடணும்னு தோணும், ஆனா நூறு தடவையும் பண்ணி ஒண்ணு கூட வராம இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 37 சதவீதம். 200 தடவ பண்ணவங்கள்லயும் 13 சதவீதம் பேருக்கு வந்திருக்காது, 300 தடவ பண்ணவங்கள்ல கூட 5 சதவீதம் பேர் கைய பிசைஞ்சுக்கிட்டு தான் இருப்பாங்க. இதுல முக்கியமானது என்னன்னா, ஏற்கனவே எத்தனையோ தடவ தோத்த உங்களுக்கும் இன்னைக்கு புதுசா ஆரம்பிக்கற ஒருத்தருக்கும் அடுத்த தடவ சான்ஸ் ஒண்ணே தான். தாயக்கட்டைக்கு போன உருட்டுல என்ன விழுந்துச்சுன்னு ஞாபகம் இருக்காது இல்லயா, அதே தான். அதனால "போட்டதெல்லாம் வேஸ்ட் ஆயிடுமே"ங்கற கேள்விக்கு பதில், போட்டது போனது தான், நீங்க விட்டாலும் போனது, தொடர்ந்தாலும் போனது. அதுக்கு பதிலா பொண்ணோட உக்காந்து விளையாடுன நேரம் கெடச்சுது, அத நான் சின்னதா நெனக்கல. இப்ப முடிவு பண்ண வேண்டியது அடுத்த 2,500 பத்தி மட்டும் தான்.

சரி, கார்டு. உண்மையில உங்க பிரச்சன கேம் இல்ல, இது தான். நெறைய கார்டுகள்ல மாசம் 3.5 சதவீத வட்டி, வருஷத்துக்கு 42 சதவீதம், அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. உங்க 22,000த்துக்கு வட்டி 770, ஜிஎஸ்டி 139, ஆக மாசம் 909 ரூபா. நீங்க கட்டுற 1,200ல அசலுக்கு போறது 300 கூட இல்ல. அதே மாசம் 2,500க்கு புதுசா ஜெம் வாங்குறீங்க, அப்ப கடன் மாசாமாசம் 2,200 ஏறிட்டே போகுது. இன்னொண்ணு நெறைய பேருக்கு தெரியறதில்ல, பாக்கி வெச்சிருக்கற வரைக்கும் அந்த 45 நாள் 50 நாள் வட்டியில்லா காலம் உங்களுக்கு கிடையாது, புதுசா தேய்க்கற ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். இன்னைக்கு ராத்திரி வாங்குற ஜெம் பேக்குக்கு இன்னைக்கே மீட்டர் போட்டாச்சு.

இதையே திருப்பி போடுங்க. ஜெம்முக்கு போற 2,500, இப்ப கட்டுற 1,200, ரெண்டையும் சேர்த்து மாசம் 3,700ஆ கார்டுக்கு கட்டுங்க, அதுல புதுசா எதையும் தேய்க்காதீங்க, ஏழே மாசத்துல 22,000மும் வட்டியோட முடிஞ்சுடும். இது வரைக்கும் அந்த 2,500 கார்டுல கடனா ஏறுனது, அதனால இனி அத சம்பளத்துல இருந்து எடுத்து வைக்கணும், 1,200க்கு மேல கஷ்டம்னா இந்த ஏழு மாசம் வேற செலவ குறைக்கணும். பல்லடம் ரோட்டுலயோ வேற எங்கயோ கூட்டுறவு பேங்க்ல நகை வெச்சு ஒரேடியா அடைச்சுட்டா வட்டி இன்னும் நல்லாவே குறையும், ஆனா அது மனைவியோட நகை, அவங்களுக்கு தெரியாம அத தொடவே கூடாது. எப்படியும் அவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும் சார். ஸ்டேட்மென்ட்டயும் இந்த ஏழு மாச கணக்கையும் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டையும் ஒண்ணா காமிங்க, வெறும் கடன மட்டும் சொன்னா சண்டை தான் வரும், அடைக்கற வழியோட சொன்னா பேச்சு வேற மாதிரி போகும்.

ஃபோன்ல இன்னைக்கே செய்ய வேண்டியது ரெண்டு. ப்ளே ஸ்டோர்ல இருந்து கார்ட எடுத்துடுங்க. அப்புறம் ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேக்கற மாதிரி செட்டிங் வையுங்க, அது பொண்ணு கையில ஃபோன் இருக்கறதால. அமெரிக்கால ஆப்பிள் மேல இதே மாதிரி விஷயத்துக்கு எஃப்டிசிங்கற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு கேஸ் போட்டு 2014 ஜனவரில குறைஞ்சது 32.5 மில்லியன் டாலர் பெத்தவங்களுக்கு திருப்பி குடுக்க வெச்சாங்க, ஒரு தடவ பாஸ்வேர்ட் போட்டதும் 15 நிமிஷத்துக்கு திரும்ப கேக்காம விட்டதுல பிள்ளைங்க பாட்டுக்கு வாங்கி தள்ளிட்டாங்க, அந்த புகார்கள்ல டிராகன் ஸ்டோரின்னு ஒரு கேமும் இருந்துச்சு. ப்ளே ஸ்டோர்ல மாச பட்ஜெட்னு ஒரு வசதி இருக்கு, ஆனா அது எச்சரிக்கை மட்டும் தான் பண்ணும், தடுக்காது, அத நம்பி கார்ட உள்ள விட்டு வைக்காதீங்க.

கேம விட சொல்லல. பொண்ணுகிட்ட இருந்து அத பிடுங்கவும் வேண்டாம். தோத்தா சீக்கிரம் முடியற ஜோடியா பாத்து வையுங்க, ஒரு நாள்ல நெறைய தடவ முயற்சி பண்ணலாம், காசே இல்லாம அதிக சான்ஸ் வர ஒரே வழி அது தான். நைட்டு தூங்க போறப்ப நீளமா ஓடற ஜோடிய போட்டு விடுங்க. ஜெம்ம சும்மாவே சேர்க்கவும் வழி இருக்கு, கேம்ல வர கொலோசியம் போட்டி, ஃப்ரெண்ட்ஸ் அனுப்பற கிஃப்ட், அப்புறம் அந்தந்த மாசத்துக்கு வர ஜெம்ஸ்டோன் டிராகன், அத ஹேபிட்டட்ல (டிராகன் தங்கற இடம்) வெச்சா மெதுவா ஜெம்மே தரும். சீசன் டிராகன் "இன்னும் 2 நாள் தான்"னு காட்டும்போது பதறாதீங்க, பண்டிகை டிராகன்கள் பெரும்பாலும் அடுத்த வருஷமும் வரும். கார்டு முடிஞ்சதுக்கு அப்புறம் ஆசையா இருந்தா மாசம் 300க்கு ஒரு கூகுள் ப்ளே கிஃப்ட் கார்டு வாங்கி குடுங்க, தீந்தா தீந்தது.

இத கேக்காமயே சொல்றேன், ஏன்னா நாள் ஓடிட்டு இருக்கு. பொண்ணுக்கு 9 வயசுன்னு எழுதியிருக்கீங்க. செல்வமகள் கணக்கு (பெண் குழந்தைக்கான அரசு சேமிப்பு) ஆரம்பிச்சுட்டீங்களா? பத்தாவது பிறந்தநாளுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், அப்புறம் முடியவே முடியாது. 8.2 சதவீத வட்டி, காலாண்டுக்கு ஒரு தடவ அரசாங்கம் மாத்தலாம், வருஷத்துக்கு குறைஞ்சது 250 ரூபா கட்டுனா போதும். இந்த வாரமே பிறப்பு சான்றிதழ், உங்க ஆதார், பான் எடுத்துட்டு போஸ்ட் ஆபீஸ் போய் 250 போட்டு கணக்க தொறந்து வையுங்க, ஏழு மாசம் கழிச்சு கார்டு முடிஞ்சதும் அந்த 3,700ல பாதிய மாசாமாசம் இதுக்கு திருப்பி விடலாம்.

கடைசியா ஃப்ரெண்ட் சொன்ன முதலீடு. டிராகன்வேல உருவாக்குனது பேக்ஃப்ளிப் ஸ்டுடியோஸ். 2013ல ஹாஸ்ப்ரோ அதோட 70 சதவீத பங்க 112 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு, 2019ல அந்த ஸ்டுடியோவ மூடிட்டாங்க, கேம் டெக்கா கேம்ஸ் கைக்கு போச்சு, அதனால இன்னும் ஓடுது. அங்க கை மாறுனது கம்பெனியோட சொத்து. உங்க பார்க்குல இருக்கற டிராகன் சொத்து இல்ல, விளையாட குடுத்திருக்கற அனுமதி மட்டும் தான், இந்த மாதிரி கேம்கள்ல அக்கவுண்ட விக்கறது விதிமுறைக்கே எதிரானது, கண்டுபிடிச்சா மூடிடலாம், நீங்க எங்கயும் போய் கேக்க முடியாது. அதுக்கும் மேல, வாங்கறேன்னு வரவன் மொதல்ல கேக்கறது உங்க கூகுள் பாஸ்வேர்டும் ஓடிபியும் தான். அதே ஜிமெயிலுக்கு தான் உங்க பேங்க் மெயிலும் வருதுன்னா, யாரு கேட்டாலும் குடுக்காதீங்க.