நிறுவியபடியே விட்டால் உபுண்டு சேர்வர் பாதுகாப்பானதா?

கேள்வி: ஹட்டனில் ரியூஷன் வகுப்பு நடத்துகிறோம். மாணவர் விபரம், கட்டணக் கணக்கு எல்லாம் கொழும்பில் வாடகைக்கு எடுத்த உபுண்டு 24.04 சேர்வரில் இருக்கின்றன. "லினக்ஸ்தானே, ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்கிறார் அதைப் போட்டுத் தந்தவர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. உபுண்டுவில் ரூட் கணக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு, பூட்டியே வரும். பாதுகாப்புத் திருத்தங்களும் தானாக இறங்கும். ஆனால் வாடகைக்குத் தந்த நிறுவனம் ரூட் பாஸ்வேர்டையும் கையில் தந்திருந்தால், அந்தப் பூட்டு ஏற்கெனவே திறந்தாயிற்று.

வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் யுஎப்டபிள்யூ ஃபயர்வால் உள்ளே இருக்கும், ஆனால் இயக்கப்பட்டிருக்காது. முதலில் எஸ்எஸ்ஹெச்சுக்கும் (தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழி) இணையத்தளத்துக்கான 80, 443 போர்ட்டுகளுக்கும் (இணைப்பு வாசல்கள்) அனுமதி கொடுத்துவிட்டுத்தான் அதை இயக்க வேண்டும். வரிசை மாறினால் நீங்களே வெளியில் நிற்பீர்கள். டொக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் கருவி) ஓடும் மென்பொருள் திறக்கும் போர்ட்டுகளை இந்த ஃபயர்வால் தடுக்காது, அவற்றை சேர்வருக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1 முகவரியோடு கட்டிவிடுங்கள்.

பெரிய ஓட்டை பாஸ்வேர்ட் நுழைவு. இணையத்தில் இருக்கும் எந்த சேர்வரின் கதவையும் தானியங்கி நிரல்கள் இராப்பகலாகத் தட்டும். உங்கள் கணினியில் பாஸ்வேர்டுக்குப் பதிலான இடி25519 வகைச் சாவிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதன் பொதுச் சாவிப் பகுதியை சேர்வரில் சேர்த்து, இன்னொரு ஜன்னலில் அதனால் நுழைய முடிகிறதா என்று பார்த்தபின் பாஸ்வேர்டை நிறுத்துங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: எஸ்எஸ்ஹெச்சின் பிரதான அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட் நுழைவுக்கு "நோ" என்று எழுதியும் பாஸ்வேர்ட் தொடர்ந்து வேலை செய்யும். காரணம், '50-கிளவுட்-இனிட்' என்ற துணைக் கோப்பு அதற்கு முன்பே வாசிக்கப்படுகிறது. எஸ்எஸ்ஹெச் முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் வரியை, 50க்கு முன் வாசிக்கப்படும்படி, பெயர் 10 என்று தொடங்கும் துணைக் கோப்பில் போடுங்கள். மழை நாளில் சிக்னல் நடுவில் அறுந்தால் திறந்து வைத்த ஜன்னலும் போய்விடும். ஆகவே நிறுவனத்தின் இணையக் கொன்சோலுக்குள் (எஸ்எஸ்ஹெச் இல்லாமலே உலாவி வழியாக சேர்வரைத் திறக்கும் பக்கம்) நுழைய முடிகிறதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தானியங்கித் திருத்தம் உபுண்டுவுக்கு வெளியே உள்ள மென்பொருள் களஞ்சியங்களிலிருந்து போட்ட மென்பொருளைத் தொடாது. இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு வரும் திருத்தமோ சேர்வரை மறுதொடக்கம் செய்தால்தான் பயன்தரும். வகுப்பில்லாத நேரத்தில் செய்யுங்கள். 24.04க்கு வழமையான ஆதரவு 2029 வரை.

போட்டுத் தந்தவரின் கணக்கையும் பாருங்கள். பாஸ்வேர்டைப் பூட்டினால் மட்டும் போதாது, பழைய சாவியால் அவர் உள்ளே வரலாம். அந்தச் சாவி வரியை ரூட் உட்பட எல்லாக் கணக்குகளின் 'ஆதரைஸ்ட் கீஸ்' (அனுமதித்த சாவிகளின் பட்டியல்) கோப்பிலிருந்தும் நீக்குங்கள்.