கறுப்பு காரைத் தும்பிகள் தேடி வருவது ஏன்?

கேள்வி: என் கறுப்பு காரைத் திறந்தவெளியில் நிறுத்தினால், தும்பிகள் பானெட்டில் வால் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பறக்கின்றன. பக்கத்தில் நிற்கும் வெள்ளை காரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. என்ன காரணம்? பெயின்ட் கெடுமா?

பதில்: அவை முட்டையிடுகின்றன. உங்கள் பானெட் அவற்றுக்குக் குளமாகத் தெரிகிறது.

சூரிய ஒளியின் அலைகள் பல திசைகளில் அதிர்கின்றன. வழவழப்பான பரப்பில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, பரப்புக்கு இணையாக அதிரும் ஒளியே பெரும்பாலும் திரும்பி வருகிறது. இதுதான் தளவிளைவு (போலரைசேஷன்). நீரில், செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் இது உச்சம் பெறும். பூச்சிகளின் ஒளியுணர் செல்களில் நுண்குழல்கள் சீப்பின் பற்களைப் போல ஒரே திசையில் அடுக்கியிருக்கின்றன. அந்தத் திசையில் அதிரும் ஒளியையே அவை அதிகம் உறிஞ்சுகின்றன. நம் கண்ணில் அந்த ஒழுங்கு இல்லை. இதே திறனைக் கொண்டு தேனீ நீல வானத்தின் ஒரு துண்டைப் பார்த்தே திசை அறிகிறது என்று விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் கண்டறிந்தார். தும்பியோ கீழே பார்த்து நீரைத் தேடுகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். வெள்ளை பெயின்டுக்குள் நுழையும் ஒளி உள்ளே சிதறி, எல்லாத் திசை அதிர்வுகளோடும் வெளியேறி, மேற்பரப்பில் தெறித்த ஒளியோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. கறுப்பு பெயின்ட் உள்ளே நுழையும் ஒளியை விழுங்கிவிடுவதால் தெறித்த ஒளி கலப்பின்றி நிற்கிறது. கலங்கிய குளத்தைவிடக் கறுப்பு பானெட் 'நல்ல நீராக' அடையாளம் காட்டும். பளபளப்பான சிவப்பு காருக்கும் இதே ஈர்ப்பு உண்டு. போலரைஸ்டு குளிர்கண்ணாடி வழியாக பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள். கண்ணாடியை 90 டிகிரி திருப்பினால், மங்கியிருந்த கூசல் மீண்டும் எழும்.

பெயின்ட் கெடும். வெயிலில் சூடேறும்போது தும்பி முட்டைகளிலிருந்து உருவாகும் அமிலம் மேற்பூச்சை அரிக்கிறது என்று பிரேசில் ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினர். முட்டைகளும் காய்ந்து அழிந்துபோகின்றன; எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

மெழுகு பூசிப் பாதுகாக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பளபளப்பு கூடினால் ஈர்ப்பும் கூடும். பளபளப்பில்லாத வெளிர்நிறத் துணி உறை போடுங்கள். காருக்கும் தும்பிக்கும் அதுவே நல்லது. முட்டைகள் ஒட்டியிருந்தால், வெயில் ஏறுவதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மென்மையான துணியால் கழுவிவிடுங்கள். காய்ந்த நிலையில் சுரண்டினால் கீறல் விழும்.