கூடாரம் வாடகைக்கு எடுக்கிறீர்களா? முதலில் காற்றைப் பற்றிக் கேளுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி "இத்தனை அடிக் கூடாரத்தில் எத்தனை பேர் உட்காரலாம்" வகை. அதை வாடகைக்குக் கொடுப்பவரே சொல்லிவிடுவார். அவர் தானாகச் சொல்லாத விஷயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வாடகைக்கு எடுக்கும்போது முதலில் என்ன கேட்பது?

எவ்வளவு காற்று தாங்கும் என்று கேளுங்கள். "நல்லா ஸ்ட்ராங்கா இருக்குங்க" என்பது பதில் இல்லை. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எண் வர வேண்டும், அதுவும் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எண். அந்த எண் எப்படிக் கட்டினால் பொருந்தும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் முளை அடித்துக் கட்டிய கூடாரமும் நாலு மணல் மூட்டையை வைத்துவிட்டுப் போன கூடாரமும் ஒன்றல்ல. இன்னொன்று, வானிலை அறிக்கையில் வரும் காற்று வேகம் பெரும்பாலும் சராசரிதான். திடீரென்று அறையும் காற்று அதைப்போல ஒன்றரை மடங்குகூட இருக்கலாம்.

சிமெண்ட் தரை, முளை அடிக்க முடியாது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு மணல் மூட்டை போதுமா?

பெரும்பாலும் போதாது. கணக்குப் போட்டே பார்க்கலாம். மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு பக்கத் துணி மறைப்பு, அதாவது 6 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதன்மேல் நேராக மோதினால் சுமார் 37 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், 72 கிலோமீட்டரில் அதுவே 150 கிலோ ஆகிவிடும்! இப்போது உங்கள் பக்கம் பாருங்கள்: 20 கிலோ மூட்டை நான்கு வைத்தால் 80 கிலோ, ஆனால் அவை சறுக்காமல் பிடித்து நிற்கும் விசை எடையில் ஏறக்குறைய பாதிதான், போதாக்குறைக்குக் கூரைக்கு அடியில் புகும் காற்று முழுக் கூடாரத்தையும் மேலே தூக்கி அந்தப் பாதியையும் குறைத்துவிடும். அதனால்தான் 200 லிட்டர் தண்ணீர் பீப்பாய்களையோ கான்கிரீட் கட்டைகளையோ வைக்கிறார்கள். எதை வைத்தாலும் சட்டத்தோடு இறுகக் கட்டுங்கள். சும்மா காலடியில் சாய்த்து வைத்த மூட்டை வெறும் அலங்காரம்.

மண் தரை என்றால் முளைதான் சிறந்தது, ஆனால் கயிறு முளையின் தலையில் இல்லாமல் தரையை ஒட்டி இருக்கட்டும். மேலே கட்டினால் நெம்பிப் பிடுங்கிக்கொள்ளும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் காலையில் ஒவ்வொரு முளையையும் ஆட்டிப் பாருங்கள். அடிப்பதற்கு முன்னால் கீழே மின்கேபிளோ குழாயோ போகிறதா என்று இடத்துக்காரரிடம் கேட்பதும், மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் உங்கள் வேலை.

காற்று வந்தால் பக்கத் துணிகளை மூடிவிடலாமா?

காற்று வரும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மற்ற மூன்றையும் மூடுவதுதான் மிக மோசம், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூடாரத்தைப் பலூனாக்கிவிடும். எப்போது மூடலாம், எப்போது கழற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அதன்படி செய்யுங்கள்.

கூரையில் மழைத்தண்ணீர் தேங்கினால் குச்சியால் தள்ளிவிடலாமா?

கையளவு தேங்கும்போதே, ஓரமாக நின்று தள்ளுங்கள். இரண்டுக்கு இரண்டு மீட்டர் குழியில் சராசரியாகப் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 400 கிலோ. அந்த நிலைக்கு வந்தபிறகு அடியில் யாரும் நிற்கவே கூடாது. தேங்குவதற்குக் காரணம் தளர்ந்த துணி, ஆகவே மழைக்கு முன்பே இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

இடி இடித்தால்?

கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. கட்டடத்துக்குள் போங்கள், இல்லையென்றால் உலோகக் கூரை போட்ட மூடிய வாகனம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

"வாட்டர்ப்ரூஃப் துணி" என்றார்கள். தீயும் பிடிக்காது அல்லவா?

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை! 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தீப்பிடித்த சர்க்கஸ் கூடாரத்தின் துணியில், தண்ணீர் இறங்காமல் இருக்க பாரஃபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். சில நிமிடங்களில் கூரை முழுவதும் எரிந்து விழுந்தது. விலங்குகளைக் கொண்டுவரும் கம்பிப்பாதைகள் வழியை மறித்ததில் நெரிசல் வேறு. 160க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே துணி தீத்தடுப்புச் சோதனையில் தேறியதற்கான சான்றைக் கேளுங்கள், வெளியேறும் வழிகளில் நாற்காலி போடாதீர்கள், அடுப்பைக் கூடாரத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள். ஜெனரேட்டரும் அப்படித்தான், குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

காலி செய்யச் சொல்வது யார்?

ஒரே ஒருவர், முன்கூட்டியே முடிவானவர். கையில் ஒரு சின்ன காற்றுமானி, கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கீழேயே ஓர் எண், அதைத் தொட்டதும் ஆட்களை வெளியே அனுப்பிவிடுவது. அப்புறம் கூடாரம் தூக்கினால் காலைப் பிடித்துத் தொங்க யாரையும் விடாதீர்கள், அது அவர்களையும் சேர்த்துத் தூக்கும்.