கூறைப்புடவையில் கத்தரி வைக்கும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

“பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, பழைய பட்டுப்புடவையைப் பிரித்துக் கல்யாணப் பெண்களுக்கு லெஹங்கா தைத்துக் கொடுக்கப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு படிப்பா?” என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பும் இருக்கிறது, பிழைப்பும் இருக்கிறது. உங்கள் மகள் டிசைனிலிருந்து தொடங்க நினைக்கிறாள், அங்கேதான் எனக்குக் கவலை. முதலில் துணி தெரிய வேண்டும்.

நாற்பது வருஷத்துக் காஞ்சிபுரம் கூறைப்புடவை ஒன்று வருகிறது என்று வையுங்கள். பீரோவில் மடிப்பு மாற்றாமலே கிடந்திருந்தால் மடிப்புக் கோட்டில் பட்டு இற்றிருக்கும். லேசாக இழுத்தாலே நீளத்துக்குக் கிழியும். ஜரிகையில் வெள்ளி இருப்பதால் கறுத்திருக்கும். உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து ஒன்றோடொன்று கோத்த கோர்வைப் புடவை என்றால், கரை சேரும் இடத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, லெஹங்காவின் கனத்தை எந்தப் பகுதி தாங்கும், எதற்கு அடியில் மெல்லிய துணி வைத்துத் தைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்த பிறகுதான் கத்தரிக்கோல். இருப்பதே ஐந்தரை மீட்டர். தப்பாக வெட்டினால் அந்தப் புடவை எந்தக் கடையிலும் கிடைக்காது.

சில வீடுகளில் கூறைப்புடவையில் கத்தரி படவே கூடாது என்பார்கள். அவர்களோடு வாதாடக் கூடாது. வெட்டாமலே கொசுவம் பிடித்து உள்பாவாடையில் கையால் தைத்தால், விசேஷம் முடிந்ததும் பிரித்து மறுபடி புடவையாக்கலாம். இதற்குத் தனிக் கைத்திறன் வேண்டும். நல்ல கூலியும் கேட்கலாம்.

படிப்புக்கு வருவோம். சென்னை தரமணியில் உள்ள நிஃப்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) பி.டெஸ் என்ற டிசைன் பட்டப்படிப்பு நான்கு வருஷம். பிளஸ் டூவில் எந்த குரூப்பும் போதும். எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு, கொடுத்த பொருட்களைக் கொண்டு கையாலே செய்துகாட்டும் தேர்வும் உண்டு. எல்லோரும் ஃபேஷன் டிசைனுக்கு ஓடுவார்கள். இவளுக்கு நான் டெக்ஸ்டைல் டிசைனைத்தான் சொல்வேன். சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மூன்று வருஷ டிப்ளமோவும் நல்ல வழி. பாவு என்ற நீள நூலையும் ஊடை என்ற குறுக்கு நூலையும் தறியில் தொட்டுக் கற்றவளுக்குப் பழைய புடவை புதிராக இருக்காது. கட்டணம் கட்டுப்படியாகாதென்றால், ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷத் தையல் பயிற்சி முடித்து, நல்ல பிளவுஸ் டெய்லரிடம் உட்காரட்டும். அதை மட்டமாக நினைக்காதீர்கள், அளவெடுப்பு அங்கேதான் படியும்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கல்யாண ஆர்டர் படுத்துவிடும். முதல் சில வருஷம் பிளவுஸும், கொக்கி ஊசியால் செய்யும் ஆரி எம்பிராய்டரி வேலையும்தான் சோறு போடும். எந்தப் புடவையையும் வெட்டுவதற்கு முன் முந்தி, கரை, கிழிசல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் இப்போதிருந்தே வரட்டும். “ஏற்கெனவே இருந்த கிழிசலா, நீ கிழித்ததா?” என்ற சண்டையில்தான் இந்தத் தொழிலில் பேர் கெடும்.

இந்த லீவில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கூறைப்புடவை வேண்டாம். கிழிந்துபோன வேறொரு பட்டுப்புடவையைக் கொடுத்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை தைக்கச் சொல்லுங்கள். ஃபால்ஸை ஒவ்வொரு தையலாகப் பிரிக்கிறாளா, சரக்கென்று இழுக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம்.