பிள்ளைகளும் இணையமும்: பெற்றோர், ஆசிரியர், மாணவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில்

பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். இணையத்தைப் பத்திரமாகவும் நேர்மையாகவும் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பதுதான் இப்போது என் வேலையில் பெரும்பகுதி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். அவசரமாகக் கேட்டவருக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஒரு தாய்): டீச்சர், என் மகளுக்கு 14 வயது. ஆன்லைனில் பழகிய ஒருவனுக்குத் தன் அந்தரங்கப் படத்தை அனுப்பிவிட்டாள். இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறான். கொடுக்காவிட்டால் வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பிவிடுவானாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பதில்: அம்மா, முதலில் மகளிடம், "நீ என்னிடம் சொன்னது நல்லது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். ஏன் அனுப்பினாய் என்ற விசாரணை இப்போது வேண்டாம். வீட்டுக்குத் தெரிந்தால் உன் கதை முடிந்தது என்று அவளை நம்பவைத்திருப்பதுதான் அவனுடைய பலம். வீட்டுக்குத் தெரிந்துவிட்டது, யாரும் கைவிடவில்லை என்று அவளுக்குப் புரிந்தாலே அவன் பிடி பாதி தளர்ந்துவிடும். இன்று இரவு அவளைத் தனியாக விடாதீர்கள்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவர்களிடம்தான் மறுபடி மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காதீர்கள். அவனுடைய பயனர் பெயர், அக்கவுண்ட் லிங்க், மிரட்டல் செய்திகள், பணம் அனுப்பச் சொன்ன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஆனால் அந்தப் படத்தை மட்டும் நகல் எடுக்கவோ, ஆதாரம் என்று யாருக்கும் அனுப்பவோ கூடாது. சிறாரின் படம் என்பதால் பல நாடுகளில் அதுவே குற்றமாகிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அந்தத் தளத்தில் புகார் கொடுத்து, அவனை ப்ளாக் செய்துவிட்டு, போலீஸிலும் புகார் கொடுங்கள்.

இன்னொன்று: 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க, 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்படும் சிறாருக்கான அமெரிக்க தேசிய மையம் அதை நடத்துகிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. போனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாகி, அது மட்டும் அவர்களிடம் போகும். இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். எல்லாத் தளங்களும் சேரவில்லை என்றாலும் பெரிய தளங்கள் சில இருக்கின்றன. பெயர் கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி (ஆறாம் வகுப்பு ஆசிரியர்): முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறோம். அப்படியும் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கே தவறுகிறது?

பதில்: மாதக்கணக்கில் சேர்ந்து கேம் ஆடும் ஒருவரைப் பிள்ளைகள் முன்பின் தெரியாதவராக நினைப்பதில்லை, சார். அவர் ஃப்ரெண்ட் ஆகிவிட்டார். அதனால் ஆளைப் பார்த்து ஒதுங்கச் சொல்வதை விட, பேச்சு எந்தத் திசையில் போகிறது என்று கவனிக்கப் பழக்குவது பலன் தரும்.

நான் வகுப்பில் செய்வது இது. கற்பனையான ஒரு சாட்டைக் கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதுவேன். "சூப்பரா ஆடறே, என் டீம்ல சேந்துக்கோ." அடுத்த வரி, "உனக்குக் கொஞ்சம் காயின்ஸ் அனுப்பிருக்கேன், பாத்தியா?" பிறகு, "இங்க டைப் பண்றது கஷ்டம், வேற ஆப்ல பேசலாமா?" பிறகு, "உங்க அம்மா உன் போனைப் பாப்பாங்களா?" அதற்கும் பிறகு, "உன்னை மாதிரி யாரும் என்னைப் புரிஞ்சிக்கலை. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்." கடைசியில், "ஒரு போட்டோ அனுப்பேன்."

எந்த வரியில் உனக்கு உறுத்தியது என்று கேட்டால், முதலில் எல்லாரும் போட்டோ வரியைத்தான் காட்டுவார்கள். மறுபடி வாசிக்கச் சொன்னால் ஒரு பிள்ளையாவது அம்மாவைப் பற்றிக் கேட்ட வரியில் வந்து நிற்கும். கேமுக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். இனாம், வேறு ஆப்புக்கு அழைப்பு, ரகசியம் காக்கச் சொல்வது, படம் கேட்பது: இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் எதிரில் பேசுபவர் பதின்ம வயது என்று சொன்னாலும் சரி, டீச்சர் என்று சொன்னாலும் சரி, பிள்ளைக்குப் பொறி தட்டும். உண்மையான நண்பனும் சில நேரம் இப்படிப் பேசலாமே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அந்த இடத்தில் பெரியவர் ஒருவரிடம் காட்டினால் நண்பனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றேன்.

கேள்வி (ஒரு தந்தை): என் மகனுக்கு 11 வயது. நண்பர்கள் எல்லாரிடமும் இருக்கிறது என்று அழுதான். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு நானே சமூக ஊடகத்தில் அக்கவுண்ட் ஆரம்பித்துக் கொடுத்தேன். 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சும்மா ஒரு எண்தானே?

பதில்: அந்த எண் அமெரிக்கச் சட்டம் ஒன்றிலிருந்து வந்தது. 13 வயதுக்குக் கீழான பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் சேகரிக்கக் கூடாது என்று 1998இல் சட்டம் போட்டு 2000இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான தளங்கள் 13 என்றே வைத்துக்கொண்டன. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதி 16 என்கிறது. உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழானவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் அக்கவுண்ட் வைத்திருக்க முடியாதபடி செய்துவிட்டது.

சட்டத்தை விட எனக்குக் கவலை வேறு. நீங்கள் மூன்று வருடம் கூட்டிப் போட்டிருந்தால், பையனுக்கு 15 ஆகும்போதே அந்தத் தளம் அவனை 18 வயதுக்காரன் என்று நினைத்துக்கொள்ளும். சிறாருக்கென்று வைத்திருக்கும் தடுப்புகள் அப்போதே விலகிவிடும். அதைவிட முக்கியம், இணையத்தில் அவன் கற்றுக்கொண்ட முதல் பாடம் பொய்யான தேதி போடுவது, அதுவும் அப்பாவே சொல்லிக்கொடுத்தது. மூடிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். காரணத்தை அவனிடம் சொல்லி மூடுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): பிள்ளைக்குத் தெரியாமல் போனில் கண்காணிப்பு ஆப் போடலாமா?

பதில்: தெரியாமல் வேண்டாம். தெரிந்தே போடுங்கள். சிறு பிள்ளைக்கு நேரக் கட்டுப்பாடு, வடிகட்டி எல்லாம் தேவைதான். ஆனால் அது எதைப் பார்க்கிறது, எந்த வயதில் எடுத்துவிடுவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ரகசியமாக வேவு பார்ப்பது தெரிந்த அன்றே இரண்டாவது அக்கவுண்ட் ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு உங்கள் கண்ணில் படுவது அவர்கள் காட்ட விரும்புவது மட்டும்தான். இன்னொரு வேண்டுகோள்: ஏதோ சிக்கல் என்று பிள்ளை தானாக வந்து சொல்லும் நாளில் போனைப் பிடுங்காதீர்கள். சொன்னால் போன் போய்விடும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்த முறை சொல்லாது.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவர்): மிஸ், கூகுளில் வரும் படம் எல்லாம் இலவசம்தானே? புராஜெக்டில் போட்டால் என்ன?

பதில்: கூகுள் தேடித்தான் தருகிறது, தம்பி. படம் எடுத்தவருக்கோ வரைந்தவருக்கோதான் சொந்தம். வகுப்புப் புராஜெக்டுக்குள் பயன்படுத்தப் பல இடங்களில் சலுகை உண்டு. இணையத்தில் போடும்போது அப்படி இல்லை. 2002 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமங்கள் இருக்கின்றன. பெயர் குறிப்பிட்டால் எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்று படைத்தவரே நிபந்தனை சொல்லிவிடுவார். விக்கிமீடியா காமன்ஸ் என்ற படத் தொகுப்புத் தளத்தில் தேடு. ஒவ்வொரு படத்தின் கீழேயும் யாருடையது, எந்த உரிமம் என்று இருக்கும். அதைப் பார்த்துப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுது. நீ வரைந்த படத்தை வேறொருவன் தன் பெயரில் போட்டால் உனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

கேள்வி (ஓர் ஆசிரியை): வீட்டுப்பாடம் முழுவதும் ஏஐ எழுதியதாக வருகிறது. தடை போட்டுவிடலாமா?

பதில்: தடை வகுப்பறைக்குள்தான் செல்லும், மேடம். நான் அதன் பதிலையே பாடமாக்குகிறேன். ஒரு கேள்விக்கு ஏஐ தந்த பதிலையும் அது காட்டிய நூல் பெயர்களையும் அச்செடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றையும் சரிபார்க்கச் சொல்வேன். இல்லாத நூலை இருப்பதுபோல் அது தன்னம்பிக்கையோடு சொல்லும் என்பது தெரிந்தபின் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஓர் எச்சரிக்கை வருகிறது. பயன்படுத்தினால் எங்கே என்று சொல்ல வேண்டும் என்பது என் வகுப்பு விதி. ஒன்றில் மட்டும் தளர்வே கிடையாது: உடன் படிப்பவரின் போட்டோவை வைத்து ஆபாசமாகப் படம் உருவாக்குவது. 'உண்மையான படம் இல்லையே' என்பது சமாதானம் ஆகாது. பாதிக்கப்படும் பிள்ளை உண்மையான பிள்ளை. இதை எட்டாம் வகுப்புக்கு முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கேள்வி (நூலகர்): பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர எளிய வழி?

பதில்: பக்கத்தை உற்றுப் பார்ப்பதால் மட்டும் தெரியாது. மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றி 1998இல் வேடிக்கைக்காக உருவாக்கிய ஓர் இணையதளம் இருக்கிறது. படம், வாழிடம், காப்பாற்றுங்கள் என்ற வேண்டுகோள் என எல்லாமே கச்சிதம். பிள்ளைகளிடம் காட்டிப் பாருங்கள், பலர் நம்பிவிடுவார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் எழுதிய ஆய்வில், ஓர் இணையதளத்தை நம்பலாமா என்று பார்க்கச் சொன்னபோது, வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்துக்குள்ளேயே சுற்றினார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் உடனே புதிய டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகவரியில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாமா? பிரவுசரில் இன்காக்னிட்டோ என்ற தனிப்பட்ட முறையில் பார்த்தால் யாருக்கும் தெரியாதா?

பதில்: இரண்டுமே தவறான நம்பிக்கை. பூட்டு இருந்தால் வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும் பொருள். மறுமுனையில் இருப்பவர் திருடராகவும் இருக்கலாம். இன்காக்னிட்டோ அந்தக் கருவியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவரின் அக்கா): என் தம்பி முகத்தை ஸ்டிக்கராக்கி வகுப்புக் குரூப்பில் போட்டுச் சிரிக்கிறார்கள். குரூப்பை விட்டு வெளியேறினான். பயந்தவன் என்று அதற்கும் ஒரு ஸ்டிக்கர். பள்ளியில் சொன்னால் விளையாட்டு என்கிறார்கள்.

பதில்: விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டுமே, அம்மா. ஸ்டிக்கர்களைத் தேதியோடு எடுத்துவைத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ச் சொல்லைத் தட்டிக்கழிப்பது போல எழுத்தைத் தட்டிக்கழிக்க முடியாது.

நான் வகுப்பில் அதிக நேரம் பேசுவது ஸ்டிக்கர் செய்த ஒருவனைப் பற்றி இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்ற எல்லாரையும் பற்றித்தான். அதில் பலருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அடுத்த ஸ்டிக்கர் தன்னுடையதாகிவிடுமோ என்று பயம். குரூப்பில் எதிர்த்துப் பேசும் தைரியம் எல்லாருக்கும் வராது. ஃபார்வர்ட் செய்யாமல் இருக்கலாம். சிரிப்பு எமோஜி போடாமல் இருக்கலாம். தனியாக உங்கள் தம்பிக்கு, "அவங்க பண்றது எனக்குப் பிடிக்கலை, நாளைக்கு என் பக்கத்துல உக்காந்துக்கோ" என்று ஒரு செய்தி அனுப்பலாம். தம்பியிடம் கேளுங்கள், அப்படி அனுப்பக்கூடிய ஒரு நண்பன் வகுப்பில் நிச்சயம் இருப்பான்.

கேள்வி (ஒரு தந்தை): பிள்ளையின் போட்டோவை நாங்கள் போடுவதில் தப்பில்லையே?

பதில்: கேட்டுவிட்டுப் போடுங்கள். தனியுரிமை பிள்ளைக்கும் உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐநா சிறார் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. இணையத்துக்கும் அது பொருந்தும் என்று 2021இல் ஐநா குழு விளக்கியது. சீருடையில் பள்ளிப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். போனில் இருப்பிடம் காட்டும் வசதி (லொகேஷன்) இயங்கிக்கொண்டிருந்தால் போட்டோ கோப்புக்குள் எடுத்த இடமும் பதிவாகும். கேமரா அமைப்பில் அதை நிறுத்திவிடலாம்.

கேள்வி (ஒரு மாணவி): மிஸ், நான் ரிப்போர்ட் பண்ணினால் அவனுக்கு என் பெயர் தெரியுமா?

பதில்: யார் ரிப்போர்ட் செய்தது என்று பெரிய தளங்கள் பொதுவாக எதிராளிக்குச் சொல்வதில்லை, கண்ணா. ப்ளாக் செய்வதை மட்டும் அவன் ஊகித்துவிடலாம். அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடு, பிறகு ரிப்போர்ட், கடைசியில் ப்ளாக். நாளை பள்ளியில் இடைவேளையில் என்னிடம் வா. போனையும் கொண்டுவர அனுமதி வாங்கித் தருகிறேன், சேர்ந்தே செய்வோம்.