லண்டன் பாதாள ரயில் சிமுலேட்டரில் தாமதமே வருவதில்லை, எங்கே தவறு?

கேள்வி இதுதான்: “லண்டன் அண்டர்கிரவுண்டின் சிக்னல்களையும் ரயில் ஓட்டத்தையும் கணினியில் சிமுலேட் செய்கிறேன். ரயில்கள் எல்லாம் அட்டவணைப்படி கச்சிதமாக ஓடுகின்றன. நிஜத்தில் நடக்கும் தாமதம் வரவே இல்லை. எதை விட்டுவிட்டேன்?”

எல்லா நிலையத்திலும் ரயில் 30 நொடி நின்று கிளம்புகிறது என்று எழுதியிருப்பீர்கள். நீங்கள் சொல்லவில்லைதான், ஆனால் இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். அதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை இரண்டு மூன்று உண்டு. அவை தப்பாக இருந்தால் நிற்கும் நேரத்தைத் திருத்தியும் பயனில்லை.

முதலில் வழித்தடம். முழு லண்டனையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். பேக்கர்லூ தடத்தில் எலிஃபென்ட் அண்ட் காசிலிலிருந்து குயின்ஸ் பார்க் வரை 16 நிலையங்கள் போதும். அதற்கு வடக்கே அதே தண்டவாளத்தில் ஓவர்கிரவுண்ட் ரயிலும் ஓடுகிறது, அந்தச் சிக்கல் இப்போது வேண்டாம். நிலைய வரைபடத்தைப் பார்த்துத் தடத்தை வரையவும் வேண்டாம். 1933-இல் வந்த ஹாரி பெக்கின் வரைபடம் பயணிக்காக வரைந்தது. தூரமும் தண்டவாள அமைப்பும் அதில் கிடையாது. பேக்கர்லூவின் எட்ஜ்வேர் ரோடும் சர்க்கிள் தடத்தின் எட்ஜ்வேர் ரோடும் வெவ்வேறு நிலையங்கள். பெயரை வைத்து இணைத்தால் நிஜத்தில் இல்லாத சந்திப்பு ஒன்று உங்கள் கோப்பில் முளைத்துவிடும்.

அடுத்து, ரயில் ஒரு புள்ளி அல்ல. பலர் ரயிலின் முகப்பு எந்த டிராக் சர்க்யூட்டில் (ரயில் இருப்பதை மின்சாரத்தால் கண்டறியும் தண்டவாளத் துண்டு) இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால், 14 மீ/நொடி வேகத்தில் போகும் ரயில் 10 மீட்டர் நீளமுள்ள சர்க்யூட்டைத் தொடாமலே தாண்டிவிடும். முகப்பு, வால் இரண்டின் இடத்தையும் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடையில் வரும் சர்க்யூட்டுகளை எல்லாம் ‘ரயில் இருக்கிறது’ என்று குறியுங்கள். வால் விலகியதும் உடனே ‘காலி’ ஆக்காமல் ஒரு நொடி தாமதம் கொடுங்கள், அதன் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எழும்ப நேரம் வேண்டும். பழுதாகும் விதமும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் கம்பி அறுந்தாலும் ரிலே விழும், சர்க்யூட் ‘ரயில் இருக்கிறது’ என்றே காட்டும், சிக்னல் சிவப்பாகும்.

இப்போது ஓவர்லேப். லண்டனின் பழைய முறையில் சிவப்பு சிக்னலருகே தண்டவாளத்தோரம் டிரெயின் ஸ்டாப் என்ற கருவியின் கை உயர்ந்து நிற்கும். தாண்டும் ரயிலின் அடியில் உள்ள டிரிப் காக் என்ற பிரேக் நெம்புகோல் அதில் இடித்து அவசர பிரேக் விழும். அப்படிப் பிரேக் விழுந்த ரயில் முன்னால் நிற்பதில் மோதாமல் நிற்க, சிக்னலுக்கு அப்பால் காலியான தூரம் வேண்டும். அதுதான் ஓவர்லேப். அதை எல்லா இடத்திலும் 50 மீட்டர் என்று போடுவது தப்பு. அந்த இடத்தில் ரயில் எட்டக்கூடிய உச்ச வேகத்துக்குக் கணக்கிட வேண்டும். வேகம் 14 மீ/நொடி, அவசர பிரேக் 1.2 மீ/நொடி², பிரேக் பிடிக்க 1.5 நொடி என்று வைத்தால் 82 + 21 = 103 மீட்டர்.

இந்த எண்களைக் கொண்டு ஒரு நிலையத்தைக் கணக்கிடலாம். மேடையும் ரயிலும் 120 மீட்டர். வேகம் கூடுவதும் சாதாரண பிரேக்கும் 1 மீ/நொடி². மேடைக்குள் வர அனுமதிக்கும் ஹோம் சிக்னல் மேடைக்கு 103 மீட்டர் முன்னால். நிற்கும் ரயிலின் வால் மேடையைக் கடந்து, புறப்பாட்டு சிக்னலின் 103 மீட்டர் ஓவர்லேப்பையும் விட்டு விலகினால்தான் ஹோம் சிக்னல் பச்சையாகும். 223 மீட்டர், 23 நொடி. ரிலேவுக்கும் ஓட்டுநர் கண்ணுக்கும் 2 நொடி. பின்னால் வரும் ரயில் வேகம் குறைக்காமல் வர, ஹோம் சிக்னலுக்கு 98 மீட்டர் (சாதாரண பிரேக்கில் நிற்க வேண்டிய தூரம்) முன்பே பச்சையைப் பார்த்திருக்க வேண்டும். அது 7 நொடி. அங்கிருந்து மேடையில் வந்து நிற்க 23 நொடி. நின்ற நேரம் 30-ஐயும் சேர்த்தால் 85 நொடி, மணிக்கு 42 ரயில். நிற்கும் நேரம் 45 ஆனால் 100 நொடி, மணிக்கு 36. மேடையில் கூடும் ஒவ்வொரு நொடியும் அப்படியே இடைவெளியில் ஏறுகிறது.

சிக்னல் பொறியாளர்கள் யாராவது படித்தால், “ஹோம் சிக்னல் ஒன்றுதானா, மேடைக்கு முன் இரண்டு மூன்று வைத்து, வேகத்தைக் கட்டுப்படுத்தி, ரயிலை நெருக்கி உள்ளே விடுவோமே” என்பார்கள். சரிதான். மேலே உள்ளவை யாருடைய வடிவமைப்பு ஆவணத்திலிருந்தும் எடுத்தவை அல்ல, கையால் போட்டுப் பார்க்கத் தோதான எண்கள். முதலில் ஒரு ஹோம் சிக்னலோடு 85 நொடி வருகிறதா பாருங்கள், பிறகு கூட்டுங்கள். மூவிங் பிளாக் (நிலையான பகுதிகளுக்குப் பதிலாக, முன்னால் போகும் ரயிலோடு சேர்ந்தே நகரும் பாதுகாப்பு இடைவெளி) இல்லாமல் நெருக்கமாக ஓட்ட முடியாது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூபிலியிலும் நார்தர்னிலும் இருப்பது மூவிங் பிளாக் முறை. விக்டோரியா தடத்தில் இன்றும் நிலையான பிளாக்குகள்தான், அவை குட்டையானவை. அங்கேதான் 2017 முதல் உச்ச நேரத்தில் மணிக்கு 36 ரயில் ஓடுகிறது.

விக்டோரியா பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. தானியங்கி ரயில் என்றாலே நம் செய்திகளில் ‘ஓட்டுநர் இல்லா ரயில்’ என்று எழுதிவிடுகிறார்கள். விக்டோரியா தடம் 1968-இல் திறந்த நாளிலிருந்தே தானாக ஓடுகிறது, ஓட்டுநர் அறையில் ஆளும் இருக்கிறார். கதவை மூடுவது அவர், மேடையைப் பார்ப்பது அவர், இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திக் கிளப்புவதும் அவர். அவரை இல்லாதவராக்கி எழுதுவது அந்த வேலைக்குச் செய்யும் அநியாயம். உங்கள் நிரலிலும் அவருக்கு இடம் வேண்டும். கதவு மூடியதற்கும் சக்கரம் நகர்வதற்கும் இடையே 2 முதல் 4 நொடி.

இனி நிற்கும் நேரம். மேடையில் சேரும் கூட்டம் முந்தைய ரயில் போய் எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்தது. ரயில் ஒரு நிமிடம் பிந்தினால் அதிகம் பேர் ஏறுவார்கள், அதிக நேரம் நிற்கும், இன்னும் பிந்தும். அதன் பின்னால் வரும் ரயிலுக்கு ஆள் குறைவு, அது ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இந்தச் சுழற்சி இல்லாத சிமுலேட்டரில் தாமதம் பிறக்க வழியே இல்லை. கதவு திறந்து மூட 8 நொடி, ஒரு கதவில் நொடிக்கு ஒருவர் என்று தொடங்குங்கள். சராசரிக் கதவை எடுக்காதீர்கள். படிக்கட்டுக்கு நேரே நிற்கும் கதவில்தான் கூட்டம் மொய்க்கும், ரயில் எப்போது கிளம்பும் என்பதை அந்த ஒரு கதவே தீர்மானிக்கும்.

முனையத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ரயில் வந்ததும் திசையை மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். விக்டோரியா தடத்தின் தெற்கு முனையமான பிரிக்ஸ்டனை எடுங்கள். இரண்டு மேடை, முன்னால் கத்தரி வடிவக் குறுக்குத்தடம். 100 நொடிக்கு ஒரு ரயில் என்றால் ஒவ்வொரு மேடைக்கும் 200 நொடிக்கு ஒன்று. முந்தையது வெளியேறி அடுத்தது உள்ளே வர 65 நொடி என்று வைத்தால் மிச்சம் 135. ஓட்டுநர் 133 மீட்டர் ரயிலின் மறுமுனைக்கு நடக்க 100 நொடிக்கு மேல். ஒரு அறையை அணைத்து மறு அறையை எழுப்ப, கதவை மூட மிச்சம் எவ்வளவு? கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தால் அதுவும் இல்லை. அதனால்தான் வந்த ஓட்டுநர் இறங்கி, பின்னால் வரும் ரயிலைத் திருப்பி ஓட்டுகிறார். லண்டனில் இதை ஸ்டெப்பிங் பேக் என்பார்கள். ஆளையும் ரயிலையும் தனித்தனிப் பொருளாக நிரலில் வைத்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும்.

முனையத்துக்குள் முழு வேகத்தில் நுழையவும் விடக்கூடாது. 1975 பிப்ரவரி 28 அன்று மூர்கேட்டில் ரயில் நிற்காமல் போய்ச் சுரங்கத்தின் முடிவுச் சுவரில் மோதி 43 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு முட்டுமுனைகளில் வேகத்தை அளந்து, குறைந்திருந்தால் மட்டும் மேலே விடும் கட்டுப்பாடு வந்தது. அது தின்னும் நொடிகளையும் சேருங்கள்.

சந்திப்புகளில் பாயிண்ட் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் நகரும் தண்டவாளம்) நகர்ந்து பூட்ட 4, 5 நொடி கொடுங்கள். ரயில் முழுவதும் கடந்த பின்தான் வழியை விடுவிப்பேன் என்றால் சந்திப்பு தேவையில்லாமல் அடைபடும். வால் விலக விலகப் பகுதி பகுதியாக விடுவியுங்கள். ஆனால் ரயில் மேலே நிற்கும் பாயிண்ட் எக்காரணத்தாலும் அசையக் கூடாது. நார்தர்ன் தடத்தின் கேம்டன் டவுனில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுரங்கத்தில் பிரிவதால் எதிர்த்திசை ரயில்கள் குறுக்கிடுவதில்லை. அங்கே தாமதம் வருவது வரிசையால். எட்ஜ்வேர் கிளை ரயில் முதலில் போக வேண்டும் என்று அட்டவணை சொல்லும், ஹை பார்னெட் ரயில் முதலில் வந்து நிற்கும். அட்டவணை வரிசைக்காகக் காத்திருப்பதா, வந்ததை அனுப்புவதா? இரண்டையும் வைத்து, எத்தனை நொடி காத்த பின் விதி மாறும் என்பதையும் மாற்றிப் பார்க்க வசதி செய்யுங்கள்.

எல்லாம் போட்ட பிறகு ஒரு சோதனை. காலை 8:30-க்கு ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் ஒரு ரயிலை மட்டும் 90 நொடி கூடுதலாக நிறுத்துங்கள். கிடையில் நேரம், குத்தில் தூரம் வைத்து எல்லா ரயிலின் கோட்டையும் வரையுங்கள். பின்னால் வரும் கோடுகள் நெருங்கி, முன்னால் ஒரு வெற்றிடம் திறந்து, நிலையத்துக்கு நிலையம் அது அகல வேண்டும். முனையத்தில் அட்டவணை விட்டிருக்கும் கூடுதல் நிமிடங்களில்தான் அது ஓரளவு மூடும். சர்க்கிள் தடம் 2009 டிசம்பர் வரை முழு வட்டமாகவே ஓடியதால் அந்த நிமிடங்களே இல்லை, தாமதம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. உங்கள் படத்தில் இரண்டு நிலையம் தாண்டியதும் கோடுகள் பழையபடி சம இடைவெளிக்கு வந்துவிட்டால், எங்கோ ஒரு நிலையத்தில் அந்த 30 நொடி இன்னும் நிலையாக உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடுங்கள்.