சின்ன வயதுக் கதையைக் கிளறத்தான் வேண்டுமா? – வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: மனசில் ஒரு கஷ்டம் என்றால் பழசைத் தோண்ட வேண்டுமா, இன்றைக்குள்ளதைச் சரிசெய்தால் போதாதா? எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உளவளத்துணை டிப்ளோமா படிக்கிறேன் மிஸ். பிராய்ட் காலாவதி என்கிறார்கள், ஆனால் பரீட்சையில் முதல் கேள்வியே அவரைப் பற்றித்தான். ஏன்? (ஹட்டன்)

ஆழ்மனத்தையும் சின்ன வயதையும் தோண்டிப் பார்க்கிற உளப்பகுப்பாய்வைத் தொடங்கியவர் அவர். அவர் சொன்னதில் நிறைய காலாவதிதான். ஆனால் பிராய்ட் வேறு, அவரிடமிருந்து வளர்ந்த இன்றைய உளவியக்க அணுகுமுறை வேறு. மிஞ்சி நிற்கிற சரக்கு இவ்வளவுதான்: நாம் ஏன் ஒன்றைச் செய்கிறோம் என்பது நமக்கே முழுசாகத் தெரியாது, தாங்க முடியாததை மனசு ஒளித்து வைக்கும், பழைய உறவு புது உறவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதெல்லாம் தொடங்கியது வியன்னாவில், 1880க்கும் 1882க்கும் இடையில் பிராய்டின் மூத்த நண்பரான ஜோசப் புரொயர் என்ற வைத்தியர் பார்த்த 'அன்னா ஓ' என்ற பெண்ணோடு. பேசப் பேச நோய்க்குறிகள் இறங்கியதைப் பார்த்து அவளே அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தாள், விளையாட்டாகப் 'புகைக்கூண்டு துடைக்கிறது' என்றும் சொல்வாளாம். லயத்துக் குசினிக் கரியில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (அதோடு அவள் குணமாகிவிட்டாள் என்று பழைய நோட்ஸில் இருக்கும், நம்பாதீர்கள். அதற்கப்புறம் அவளைச் சானடோரியத்தில் சேர்க்க வேண்டிவந்தது.)

இன்னொன்று, பிராய்டுக்கு நேர் எதிரியாக ஆரன் பெக்கை எழுதிவிட்டு வருகிறார்கள். பெக் உளப்பகுப்பாய்வு படித்து வந்தவர். மனச்சோர்வு என்பது உள்ளே திரும்பிய கோபம் என்ற பிராய்டின் கருத்தைச் சோதிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளைப் பார்க்கத் தொடங்கினார். கோபத்தைத் தேடப்போன இடத்தில் தோல்வியும் இழப்புமே திரும்பத் திரும்ப வந்தன. 1960களில் அவர் உருவாக்கிய அறிகைச் சிகிச்சைக்கு (மனசில் ஓடுகிற எண்ணத்தைப் பிடித்துச் சோதிக்கிற முறை) விதை அங்கேதான் விழுந்தது.

மகனுக்கு ஆறு வயது. நாயைக் கண்டால் அலறுகிறான், பள்ளிக்கூடம் போகிற ரோட்டில் நாய் நிறைய. ஏதாவது உள்காரணம் இருக்குமா? (தலவாக்கலை)

நாய்தான் காரணம். பிராய்ட் 1909இல் ஹான்ஸ் என்ற ஐந்து வயதுப் பையனின் குதிரைப் பயத்தை அப்பா மேல் உள்ள பயமென்று எழுதினார், அந்தப் பையன் வண்டிக் குதிரையொன்று விழுந்ததைக் கண்ணால் பார்த்திருந்தும்! நீங்கள் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளரின் வழியில் போங்கள். 1924இல் அவர் எழுதிய பீட்டர் என்ற குழந்தைக்கு முயலென்றால் பயம். பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார், கடைசியில் பையன் முயலோடு விளையாடினான். கட்டிவைத்த குட்டி நாயொன்றைத் தூரத்திலிருந்து பார்ப்பதில் ஆரம்பியுங்கள். இழுத்துக்கொண்டு போய்த் தொடவைக்க மட்டும் வேண்டாம்.

எனக்கு நாலு வயதில் அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டார். அம்மாயிதான் வளர்த்தார். இப்போது கொழும்பில் வேலைசெய்யும் கணவர் ஒரு கோல் எடுக்காவிட்டால் இருபது தடவை எடுத்துவிடுகிறேன், அப்புறம் சண்டை. இது அதனால்தானா? (பண்டாரவளை)

பழக்கத்தை மாற்றினால் போதும் என்கிற நடத்தைச் சிகிச்சைக்காரர்கள் அம்மாவைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். இருபதாவது கோலில் அவர் 'ஹலோ' என்றதும் நெஞ்சு லேசாகிறது இல்லையா, அந்த நிம்மதிதான் நாளைக்கும் உங்களை இருபது தடவை எடுக்க வைக்கிறது, முதல் கோலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் அரைமணி காத்திருந்து பழகுங்கள் என்பார்கள். அறிகைச் சிகிச்சைக்காரர் அந்த அரைமணியில் மனசில் ஓடுகிற வசனத்தை எழுதச் சொல்வார். 'போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருப்பார்' என்பது ஏன் உங்களுக்குத் தோன்றவே இல்லை, 'என்னை விட்டுப் போய்விட்டார்' என்பது மட்டும் ஏன் தோன்றியது என்று கேட்பார். இரண்டும் வேலைசெய்யும். இன்றிரவே தொடங்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன்: 'நீங்களும் பதில் போட மாட்டீங்க, தெரியும்.' என்னை உங்களுக்குத் தெரியாது, ஒரு கடிதம்தான் எழுதினீர்கள், அதற்குள் நானும் போய்விட்டவர்களில் ஒருத்தி. உளவியக்கக்காரர்கள் இடமாற்றம் என்று சொல்வது இதைத்தான். மற்ற முறைகளில் இது ஓரத்தில் நிற்கிற விஷயம், இவர்களுக்கோ சிகிச்சையின் நடுவே இதுதான். அறைக்குள் உளவளத்துணையாளரோடு அந்தப் பழைய பயம் மறுபடி நடக்கும், இந்தத் தடவை அதைப் பற்றிப் பேச ஒரு ஆள் இருக்கும். ஜோன் போல்பியும் உளப்பகுப்பாய்வாளர்தான், ஆனால் குழந்தையின் கற்பனையைவிட நிஜமாக நடந்த பிரிவைப் பாருங்கள் என்றவர். கோல் எடுக்கிற பழக்கம் அடங்கியும் இதே சண்டை வேறு வேஷத்தில் சிநேகிதியோடும் மகளோடும் வந்தால் உளவியக்கச் சிகிச்சைப் பக்கம் போங்கள்.

இதைச் சாக்காக வைத்து அம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். தோட்டத்துச் சம்பளத்தில் உங்களைப் படிக்கவைக்க முடியாது என்று போனவர் அவர். ஏன் அப்படி ஒரு சம்பளம் என்ற கேள்விக்கு உளப்பகுப்பாய்வில் பதில் கிடையாது, சமூகத்தைப் பார்க்கிற உளவியலிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

தம்பிக்கு யாரோ பேசுகிற சத்தம் கேட்கிறதாம், ராத்திரி தூங்குவதில்லை. கோடாங்கியிடம் போகலாமா, கவுன்சிலிங்கா? (பொகவந்தலாவை)

முதலில் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக். இந்த வாரமே. இது மூளையும் சம்பந்தப்பட்ட விஷயம், மருந்து வேண்டிவரும். இங்கே உளப்பகுப்பாய்வின் சரித்திரமும் அவ்வளவு நல்லதில்லை: 1948இல் பிரீடா பிரோம்-ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர் எழுதியதிலிருந்து பல வருஷம் மனச்சிதைவுக்குத் தாயின் குணத்தைக் காரணம் காட்டினார்கள், எத்தனை அம்மாமார் அதை நம்பி அழுதார்களோ. கோடாங்கியை நான் கேலி செய்யமாட்டேன். கதிர்காமத்தில் சடைமுடியோடு சாமியாடும் பெண்களைப் பற்றி 1981இல் எழுதிய மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, பிராய்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களை நோயாளிகள் என்று தள்ளாமல், சொந்தத் துக்கம் எப்படி ஊருக்கும் புரிகிற பக்தியாகிறது என்று காட்டினார். குடும்பத்துக்கு ஆறுதலென்றால் போங்கள், மருந்தை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவசரமென்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.

எந்த முறை சிறந்தது? எத்தனை நாள் வர வேண்டும்? ஒரு நாள் வந்தால் ஒரு பேர் (ஒரு நாள் கூலி) போய்விடும். (மஸ்கெலியா)

பிராய்ட் காலத்துப் பகுப்பாய்வு வாரத்தில் ஐந்தாறு நாள், வருஷக்கணக்கில். கொழுந்து பறிக்கிறவருக்கு அது கதைக்கே ஆகாது. அறிகை-நடத்தைச் சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 20 தடவை, குறுகிய உளவியக்கச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அந்த அளவில் முடியும். மனச்சோர்வுக்கு இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. குறிப்பிட்ட ஒரு பொருளுக்கான பயம், திரும்பத் திரும்பக் கழுவுவது போன்றவற்றுக்கு மட்டும் நடத்தை முறையை முதலில் பாருங்கள். உளவியலாளர் கார்ல் றொஜர்ஸ் இந்த இரண்டு கட்சியிலும் சேராமல், கேட்கிறவர் உங்களை எடைபோடாமல் மெய்யாகக் கேட்கிறாரா என்பதே முக்கியம் என்றார். இரண்டு மூன்று தடவை போயும் அவரிடம் வாயைத் திறக்க முடியவில்லையென்றால் ஆளை மாற்றுங்கள். அரைப்பேரோடு வரமுடிகிற நாளைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

கடும் மழை பெய்தால் தூங்கவே மாட்டேன். எங்கள் லயத்துக்கு மேலே மண்மேடு. இந்தப் பயத்துக்கு என்ன சிகிச்சை? (கொஸ்லந்தை)

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைப் பார்த்த ஊர் உங்களுடையது. இந்தப் பயத்துக்கு அறிகையும் வேண்டாம், ஆழ்மனமும் வேண்டாம். அந்த மேட்டை யாராவது வந்து சோதித்தார்களா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். இல்லையென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், லயத்தில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டு. பாதுகாப்பான இடத்துக்குக் குடிபோன பிறகும் மழைச் சத்தத்தில் உடம்பு நடுங்கினால் அப்போது என்னிடம் வாருங்கள்.